விரிசலுக்குப் பின்: எல். பாலாஜியின் இரண்டு வாழ்க்கைகள்

(கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸில் பெற்றோரும் இளம் ஆட்டக்காரர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது லட்சுமிபதி பாலாஜியின் கதை. 1981 செப்டம்பரில் சென்னையில் பிறந்த வேகப்பந்து வீச்சாளர். இந்தியாவுக்காக 8 டெஸ்ட், 27 விக்கெட். 30 ஒருநாள் ஆட்டம், 34 விக்கெட். 5 டி20, 10 விக்கெட். இந்த எண்களைப் பார்த்துவிட்டு, "பாவம், வந்த வேகத்திலேயே போய்விட்டார்" என்று உச்சுக்கொட்டுகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பாலாஜியிடம் பந்துவீச்சு கற்றுக்கொண்டவர்களையும் சேர்த்துக் கணக்கெழுதினால்தான் அவருடைய வாழ்க்கை முழுமையாகத் தெரியும். அவர் கற்றுக்கொடுத்ததில் பெரும்பகுதி, அவர் ஆட முடியாமல் முடங்கிக் கிடந்த ஆண்டுகளில் சம்பாதித்தது என்பது என் எண்ணம். அதைத்தான் விரித்துச் சொல்லப்போகிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். சென்னை என்றாலே சுழற்பந்து என்று நமக்குப் பழகிவிட்டது. வி.வி. குமார், வெங்கட்ராகவன், அண்மையில் அஸ்வின் என்று வரிசையாகச் சொல்வோம். ஆனால் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் ஒரு சென்னை வேகப்பந்து வீச்சாளர். 1934 நவம்பரில் சேப்பாக்கத்தில், மைசூருக்கு எதிராக, எம்.ஜே. கோபாலன். ஹாக்கியிலும் பெயர் வாங்கிய மனிதர். அடுத்த தலைமுறையில் சி.ஆர். ரங்காச்சாரி வந்தார். 1948இல் டெல்லியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 5 விக்கெட் எடுத்தார். ஆக, விதை இருந்தது. விதையைத் தோட்டமாக்கும் ஏற்பாடுதான் இல்லாமல் இருந்தது.

அந்த ஏற்பாடு 1987இல் வந்தது. எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் ரவி மாம்மன் முன்னின்று, சென்னை சேத்துப்பட்டில் எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷனைத் தொடங்கினார். ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி அதன் இயக்குநர். லில்லி ஆண்டுக்குச் சில முறை வந்து போவார். மற்ற நாளெல்லாம் காலையும் மாலையும் பையன்களோடு வெயிலில் நின்றவர் டி.ஏ. சேகர்.

இந்தச் சேகரை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னைக்காரர், உண்மையான வேகம் உள்ளவர். 1983 தொடக்கத்தில் பாகிஸ்தான் பயணத்தில் இரண்டு டெஸ்ட் ஆடினார். ஒரு விக்கெட்கூட விழவில்லை. அதற்குப் பிறகு டெஸ்ட் வாய்ப்பே வரவில்லை. பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே டெஸ்ட் விக்கெட் சுழியம். அந்த மனிதர்தான் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சேத்துப்பட்டில் நின்று, இந்திய வேகப்பந்தின் முகத்தையே மாற்றியவர்களில் ஒருவர். ஸ்ரீநாத், வெங்கடேஷ் பிரசாத், ஜாகீர் கான், முனாஃப் படேல், இர்ஃபான் பதான் எல்லாரும் அந்தத் திடலில் கால் பதித்துப் போனவர்கள். இலங்கையின் சமிந்த வாஸும் வந்தார். ஆஸ்திரேலியாவிலிருந்து இளம் கிளென் மெக்ராத்தும் வந்தார். பின்னாளில், 2012இல், அதே மெக்ராத் லில்லியின் இடத்துக்கே இயக்குநராக வந்தார். ஜாகீர் கான் மட்டும் 311 டெஸ்ட் விக்கெட் எடுத்திருக்கிறார். அதில் சேகரின் பங்கு எவ்வளவு என்று எந்தப் பதிவேடும் சொல்லாது.

சச்சின் டெண்டுல்கர் அங்கே போனது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வேகப்பந்து வீச்சாளர் ஆக வேண்டும் என்று போன பையனிடம், மட்டையைப் பிடித்துக்கொள், அதுதான் உன் வழி என்று லில்லி திருப்பி அனுப்பினார். ஒரு பையனிடம் "இது உனக்கு வேண்டாம்" என்று சரியான நேரத்தில் சொல்வதும் பயிற்றுநரின் வேலைதான். மிகக் கடினமான வேலை.

லில்லியைப் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும். 1973இல் மேற்கிந்தியத் தீவுகளில் ஆடும்போது அவருடைய முதுகெலும்பில் விரிசல் விழுந்தது. அக்காலத்தில் அத்தோடு ஆட்டம் முடிந்தது என்றுதான் எண்ணுவார்கள். பெர்த்தில் உடற்பயிற்சி அறிவியல் அறிஞர் ஃபிராங்க் பைக்கின் துணையோடு லில்லி உடம்பையும் வீச்சையும் அடியிலிருந்து திருத்திக் கட்டினார். 1974-75இல் திரும்பி வந்து இங்கிலாந்தை நடுங்க வைத்தார். முதுகு உடைந்து மீண்டவர் என்ன கற்றுக்கொடுப்பார்? வேகத்தை மட்டுமா? உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளவும் சேர்த்துத்தான்.

இப்போது பாலாஜிக்கு வருகிறேன்.

2002 நவம்பரில் வதோதராவில், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக அவருடைய முதல் ஒருநாள் ஆட்டம். 4 ஓவரில் 44 ரன் கொடுத்தார், விக்கெட் இல்லை. அணியிலிருந்து நீக்கப்பட்டார். 21 வயதுப் பையனுக்கு அது எத்தனை பெரிய அடி என்று யோசித்துப் பாருங்கள். அவர் ரஞ்சிக்குத் திரும்பிப் போய் ஓவர் ஓவராக வீசினார். அடுத்த ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் நியூசிலாந்துக்கு எதிராக டெஸ்ட் தொப்பி கிடைத்தது.

அதன் பிறகு 2004 பாகிஸ்தான் பயணம். அப்போது தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தவர்கள் எவரும் பாலாஜியின் சிரிப்பை மறந்திருக்க மாட்டார்கள். சோயிப் அக்தரின் பந்தை சிக்சருக்குத் தூக்கினார், மட்டை உடைந்தது, அப்போதும் சிரித்தார். பாகிஸ்தான் ரசிகர்களே அவர் பெயரைச் சொல்லிக் கூவினார்கள். சிரிப்பு எல்லாருக்கும் நினைவிருக்கிறது. வீச்சைத்தான் மறந்துவிட்டோம். ராவல்பிண்டியில், தொடரைத் தீர்மானித்த மூன்றாவது டெஸ்டில், அவர் எடுத்தது 7 விக்கெட். பாகிஸ்தான் மண்ணில் இந்தியா வென்ற முதல் டெஸ்ட் தொடர் அது. மறுமுனையில் வீசியவர் இர்ஃபான் பதான். இருவருக்கும் அப்போது பெரிய அனுபவம் கிடையாது.

2005 மார்ச்சில் மொகாலி. பாகிஸ்தானுக்கு எதிராக முதல் இன்னிங்ஸில் 76 ரன்னுக்கு 5, இரண்டாவதில் 95 ரன்னுக்கு 4. ஒரே டெஸ்டில் 9 விக்கெட். அதே மாதம் பெங்களூரில் இன்னொரு டெஸ்ட் ஆடினார். அதுவே அவருடைய கடைசி டெஸ்ட். அப்போது வயது 23.

நடந்தது என்ன? முதுகெலும்பில் அழுத்த விரிசல், ஆட்டக்காரர்கள் வாயில் 'ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்'. இதை இங்கே பொறுமையாக விளக்க விரும்புகிறேன். உங்கள் பிள்ளைகளின் முதுகைப் பற்றிய விஷயம் இது.

வலக்கை வேகப்பந்து வீச்சாளர் பந்தை விடும் கணத்தில் இடது கால் தரையில் ஊன்றுகிறது. அந்த ஒரு நொடித் துணுக்கில் அவருடைய உடல் எடையைப் போல் பல மடங்கு விசை அந்தக் காலில் ஏறி, முழங்கால் வழியாக, இடுப்பு வழியாக, முதுகின் அடிப்பகுதிக்குப் போகிறது. அதே நேரத்தில் முதுகு வளைகிறது, சாய்கிறது, திருகுகிறது. இடுப்பு ஒரு திசையையும் தோள் வேறு திசையையும் பார்த்தால், அதைத்தான் 'மிக்ஸ்ட் ஆக்‌ஷன்' என்பார்கள், அந்தத் திருகல் இன்னும் கூடிவிடும். ஒரு பந்தில் ஒன்றும் ஆகாது. ஒரு நாளைக்குப் பத்து ஓவர், அதற்குமேல் நெட்ஸில் நூறு பந்து, ஓய்வில்லாமல் மாதக்கணக்கில் போனால் எலும்பு தன்னைச் சீர்செய்துகொள்ள அவகாசம் கிடைக்காது. மெல்லிய விரிசல் விழும். அதுவும் பெரும்பாலும் வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில், அடி முதுகில். பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் எலும்பு இன்னும் முழுமையாகக் கெட்டிப்படாத காரணத்தால், இளையவர்களைத்தான் இது அதிகமாகப் பிடிக்கிறது.

பாலாஜி ஏறத்தாழ மூன்று ஆண்டுகளை இதற்குப் பறிகொடுத்தார். அந்த ஆண்டுகளில் அவர் செய்த வேலையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். தன் வீச்சைப் பிரித்துப்போட்டு மறுபடி கட்டினார். யோசித்துப் பாருங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலிருந்து தசையில் ஊறிப்போன ஓர் அசைவு அது. இந்திய அணி வரைக்கும் கொண்டுபோன அசைவு. அதையே எதிரியாகப் பார்த்து, ஓட்டத்தையும் கால் ஊன்றலையும் கையின் பாதையையும் ஒவ்வொன்றாக மாற்றுவது, எழுத்து பழகிய கையை மாற்றி இடக்கையால் எழுதப் பழகுவது மாதிரி. முன்பிருந்த வேகமும் கூர்மையும் அப்படியே திரும்பி வரவில்லை. அந்தக் குறையை வேகத்தைக் கூட்டிக் குறைப்பதாலும், மெதுவான பந்துகளாலும், மட்டையாளரின் மனத்தைப் படிப்பதாலும் ஈடுகட்டினார்.

2008 மே 10. ஐ.பி.எல். முதல் ஆண்டு. சேப்பாக்கத்தில் கிங்ஸ் லெவன் பஞ்சாபுக்கு எதிராக, ஐ.பி.எல். வரலாற்றின் முதல் ஹாட்ரிக் பாலாஜியுடையது. 24 ரன்னுக்கு 5 விக்கெட். ஹாட்ரிக்கின் முதல் விக்கெட் யார் தெரியுமா? ராவல்பிண்டியில் மறுமுனையில் நின்ற இர்ஃபான் பதான். அடுத்து பியூஷ் சாவ்லா, வி.ஆர்.வி. சிங்.

2012 அக்டோபர் 2, கொழும்பு. டி20 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராகக் கடைசி ஓவர் பாலாஜி கையில். எதிரணிக்குத் தேவை 14 ரன். ஆல்பி மார்க்கல் சிக்சர் அடிக்கிறார், அவரை போல்ட் செய்கிறார். மார்னே மார்க்கல் சிக்சர் அடிக்கிறார், அவரையும் போல்ட் செய்கிறார். இந்தியா ஒரு ரன்னில் வென்றது. ரன் விகிதக் கணக்கில் அரையிறுதிக்கு மட்டும் போக முடியவில்லை. இந்திய அணிக்காக அவர் வீசிய கடைசி ஓவர் அது. சிக்சர் வாங்கிய அடுத்த பந்தை எப்படி வீசுவது என்று கற்றுக்கொடுக்க, அந்த ஓவரை வீசியவரைவிடத் தகுதியானவர் யார் இருக்க முடியும்?

2016 செப்டம்பரில் முதல்தர ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். 106 முதல்தர ஆட்டம், 330 விக்கெட். நம் ஊரில் ஓய்வு பெற்ற ஆட்டக்காரர் என்றால் மாலை போட்டு, நினைவுப் பரிசு கொடுத்து, வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். பாலாஜி அதே பருவத்தில் தமிழ்நாட்டு அணியின் பந்துவீச்சுப் பயிற்றுநரானார். 2017இல் கொல்கத்தா நைட் ரைடர்ஸ். 2018இல், இரண்டு ஆண்டுத் தடை முடிந்து திரும்பிய சென்னை சூப்பர் கிங்ஸ். அவர் பந்துவீச்சுப் பயிற்றுநராக இருந்த ஐந்து பருவங்களில் சென்னை 2018லும் 2021லும் கோப்பை வென்றது.

கோப்பையைப் பயிற்றுநர் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமாகாது. தலைவர் இருக்கிறார், ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது தீபக் சாஹரை. 2010இல் ராஜஸ்தானுக்காக தம் முதல் ரஞ்சி ஆட்டத்திலேயே 10 ரன்னுக்கு 8 விக்கெட் எடுத்து, ஐதராபாத்தை 21 ரன்னில் சுருட்டிய பையன். பிறகு காயங்களும் நோயும் ஆண்டுகளைத் தின்றன. 2018இல் சென்னை அணிக்கு வந்தபோது, கிட்டத்தட்ட எல்லாரும் மறந்துவிட்ட பெயர் அது. அந்த ஆண்டு 10 விக்கெட், அடுத்த ஆண்டு 22 விக்கெட். 2019 நவம்பரில் நாக்பூரில் வங்கதேசத்துக்கு எதிராக 7 ரன்னுக்கு 6 விக்கெட், ஹாட்ரிக்கோடு. உடைந்து மீண்ட ஒருவர் பயிற்றுநராக நிற்கும் நெட்ஸில்தான், காயத்திலிருந்து மீண்டு வந்த இந்த இளைஞர் தன்னைத் திரும்பக் கண்டுபிடித்தார். தலைவர் தோனி சாஹர்மேல் வைத்த நம்பிக்கையும் இதில் பெரும்பங்கு. ஆனாலும் வலியோடு வருகிறவனுக்கு, வலியைத் தெரிந்தவர் பக்கத்தில் நிற்பது எத்தனை பெரிய பலம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு?

நிறைய இருக்கிறது. இந்தியாவின் முதல் டெஸ்ட் 1932இல் லார்ட்ஸில் நடந்தது. இங்கிலாந்து 19 ரன்னுக்கு 3 விக்கெட் இழந்தது. இரண்டை முகமது நிசார் என்ற வேகப்பந்து வீச்சாளர் எடுத்தார். மூன்றாவது, ரன் அவுட். அதைச் செய்தவர் லால் சிங், கோலாலம்பூரில் பிறந்தவர். இந்திய டெஸ்ட் வரலாற்றின் முதல் அரைமணி நேரத்திலேயே இந்த ஊரின் கை இருக்கிறது.

1998இல் இங்கே காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடந்தபோது கிரிக்கெட்டும் இருந்தது. வந்த இந்திய அணியில் டெண்டுல்கர், கும்ப்ளே, லட்சுமணன், நம் ராபின் சிங் எல்லாரும் உண்டு. பாரஸ் மாம்ப்ரே என்ற மும்பை வேகப்பந்து வீச்சாளரும் உண்டு. இரண்டே டெஸ்ட், இரண்டே விக்கெட். அவரை யாரும் கவனித்திருக்க மாட்டோம். அந்த மாம்ப்ரேதான் 2021 நவம்பரில் இந்தியப் பந்துவீச்சுப் பயிற்றுநராகி, 2024 ஜூனில் பார்படாஸில் டி20 உலகக் கோப்பை வென்ற அணியோடு நின்றார். அந்தப் போட்டியில் பும்ரா 15 விக்கெட் எடுத்துத் தொடர் நாயகன் ஆனார். அவரும் முந்தைய ஆண்டு முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்தான். சேகர், மாம்ப்ரே, பாலாஜி மூவரையும் சேர்த்துப் பாருங்கள். டெஸ்ட் விக்கெட் மொத்தம் 29. அவர்கள் கைபட்டு வளர்ந்தவர்கள் எடுத்த விக்கெட் எத்தனை என்று யோசித்துப் பாருங்கள்.

பூச்சோங் கின்ராரா ஓவலை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். 2006இல் இந்தியா, ஆஸ்திரேலியா, மேற்கிந்தியத் தீவுகள் மூன்றும் ஆடிய திடல். டெண்டுல்கர் 141 அடித்த திடல். 2008 மார்ச் 2ஆம் தேதி, விராட் கோலி தலைமையில் இந்தியப் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் அணி உலகக் கோப்பையைத் தூக்கியதும் அங்கேதான். அன்று ஆட்ட நாயகன் அஜிதேஷ் ஆர்கல், வேகப்பந்து வீச்சாளர், 5 ஓவரில் 7 ரன்னுக்கு 2 விக்கெட். அவர் இந்தியாவுக்காக ஆடவே இல்லை. பின்னாளில் நடுவர் தேர்வில் தேறி, வேறு வழியாகத் திடலுக்கே திரும்பினார். கின்ராரா ஓவல் 2022இல் நம் கையைவிட்டுப் போயிற்று. அந்த நிலத்தை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது. ஒரு வேகப்பந்து வீச்சாளரை உருவாக்கப் பத்து ஆண்டு வேண்டும், அந்தப் பத்து ஆண்டும் கால் ஊன்ற ஒரு திடல் வேண்டும்.

நல்லவேளை, கிள்ளான் பண்டமாரானில் பாயுமாஸ் ஓவல் இருக்கிறது. 2023 ஜூலை 26ஆம் தேதி அங்கே மலேசியாவின் சியாஸ்ருல் இட்ருஸ் சீனாவுக்கு எதிராக 8 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார். ஆடவர் பன்னாட்டு டி20யில் ஒருவர் ஏழு விக்கெட் எடுத்தது அதுவே முதல் முறை. ஏழு பேரும் போல்ட்! காற்றில் தூக்கி அடித்துப் பிடிகொடுத்த விக்கெட் ஒன்றுகூட இல்லை. உலகச் சாதனை கிள்ளானில் நடந்திருக்கிறது, நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்? 2025 பிப்ரவரியில் பத்தொன்பது வயதுக்குட்பட்ட பெண்கள் டி20 உலகக் கோப்பையின் இறுதி ஆட்டமும் அதே திடலில்தான். இந்தியா வென்றது. தமிழ்நாட்டுப் பெண் கமலினி அந்த அணியில் இருந்தார். இங்கே வந்திருக்கும் தங்கைகள் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆக, நம்மிடம் திடல் இருக்கிறது, ஆர்வமும் இருக்கிறது. சிலாங்கூர் பள்ளிகளிலும் மாநில அணிகளிலும் வேகமாக வீசிய அண்ணன்மார் இந்த அரங்கிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. சனிக்கிழமை காலை நெட்ஸுக்கு வாருங்கள். முட்டி வலி, முதுகு வலி என்று ஒதுங்கிவிடாதீர்கள். அந்த வலி எப்படி வந்தது என்பதுதான் பையன்களுக்குத் தேவையான பாடம். காணொளியில் பார்த்து யார்க்கர் வீசக் கற்றுக்கொள்ளலாம். இன்றைக்கு இத்தோடு போதும், பந்தைக் கொடு என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டும்.

பெற்றோர்களே, பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் பயிற்றுநரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "என் பிள்ளை வாரத்துக்கு எத்தனை பந்து வீசுகிறான், யார் எண்ணுகிறார்கள்?" இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் வேகப்பந்து வீசும் பிள்ளைகளுக்கு வகுத்திருக்கும் அளவை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். 13 வயது வரை ஒரே மூச்சில் 5 ஓவர், ஒரு நாளைக்கு 10. பதினான்கு, பதினைந்தில் 6, நாளைக்கு 12. பதினாறு, பதினேழில் 7, நாளைக்கு 18. பதினெட்டு, பத்தொன்பதிலும் அதே அளவுதான். நம் ஊர் வெயிலையும் புழுக்கத்தையும் நினைத்தால், இதற்கும் குறைவாகவே வைத்துக்கொள்வது நல்லது என்பேன். பள்ளி அணி, கிளப் அணி, மாவட்ட அணி என்று மூன்று இடத்திலும் ஆடும் பிள்ளைக்கு மூன்று பயிற்றுநர்கள் இருப்பார்கள். மூவரும் தங்கள் கணக்கை மட்டும் பார்ப்பார்கள். மொத்தக் கணக்கு வைத்திருக்க வீட்டில்தான் ஆள் இருக்க முடியும். ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போதும்.

பிள்ளை வீசிவிட்டு வந்து, அடி முதுகில் ஒரு பக்கமாக வலிக்கிறது, பின்னால் வளைந்தால் குத்துகிறது என்று சொன்னால், தைலம் தேய்த்துவிட்டு மறுநாள் அனுப்பாதீர்கள். பந்துவீச்சை அன்றே நிறுத்துங்கள். மட்டை பிடிக்கலாமா என்பதையும் மருத்துவரே சொல்லட்டும். விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் போய், பந்துவீச்சாளர் என்று முதலிலேயே சொல்லுங்கள். தொடக்கநிலை விரிசல் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல் போகும், எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் சில மாத ஓய்வில் எலும்பு கூடிவிட வாய்ப்பு அதிகம்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருவோம். முதலில் முன்வரிசைத் தம்பி தங்கைகள் கேட்கட்டும்.